தையல் நூல் பருமனில் ஒரு வாழ்நாள் பணி: ஸ்கூடாயில் சவ்வு ஆய்வை வளர்த்த அமாட் ஃபௌசி

ஸ்கூடாய் – வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குப் போய்வரும் அப்பாவையோ, சித்தியையோ, பக்கத்து வீட்டு அண்ணனையோ அறியாத தமிழ்க் குடும்பம் இன்று தோட்டத்திலும் குறைவு, பட்டணத்திலும் குறைவு. அவர்கள் அமரும் நாற்காலிக்குப் பக்கத்து இயந்திரத்தில் ஒரு சாணுக்குச் சற்றே நீளமான வெளிறிய குழாய் ஒன்று செங்குத்தாக மாட்டியிருக்கும். நோயாளியின் ரத்தம் உண்மையில் சுத்தமாவது அந்தக் குழாய்க்குள்தான்.

அந்தக் குழாயினுள் ஏறத்தாழ 10,000 மெல்லிய இழைகள் கட்டாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தையல் நூல் பருமன்தான். ஆனால், அது நூல் அல்ல. நடுவில் துளையுள்ள குழல். ரத்தம் குழலின் உள்ளே ஓடும். சுத்திகரிப்பு நீர் வெளியே எதிர்த் திசையில் ஓடும். குழலின் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக யூரியா போன்ற கழிவுகள் வெளியேறும். ரத்த அணுக்களும் உடலுக்குத் தேவையான புரதமும் உள்ளேயே தங்கிவிடும்.

இத்தகைய குழல் இழைகளை எப்படிச் செய்வது, அவற்றின் துளைகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வியையே தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டவர் ஜொகூர், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டத்தோ டாக்டர் அமாட் ஃபௌசி இஸ்மாயில். யூ.டி.எம். எனப்படும் அப்பல்கலைக்கழகத்தில் மாணவராகத் தொடங்கி, விரிவுரையாளராகி, ஆய்வு மையம் ஒன்றைத் தோற்றுவித்து, ஆராய்ச்சி, புத்தாக்கப் பிரிவின் உதவித் துணைவேந்தராகி, 2020ஆம் ஆண்டில் துணைவேந்தர் பொறுப்புக்கு உயர்ந்தவர் அவர். ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைவராக உயர்ந்த கதையாக மட்டும் இதைப் பார்த்தால் போதாது. அவர் கையிலெடுத்த பொருள் தோட்டத்து ஆற்றோடும், பட்டணத்துக் குழாய் நீரோடும், ரத்தச் சுத்திகரிப்பு மையத்து நாற்காலியோடும் தொடர்புடையது.

யூ.டி.எம்.மில் தொடங்கிய பாதை

யூ.டி.எம்.மின் வேர் கோலாலம்பூரில் இருக்கிறது. 1904இல் தொழில்நுட்பப் பணியாளர்களுக்காக அங்கு தொடங்கிய வகுப்பு, பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகத் தரம் உயர்ந்து, 1975இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்கூடாய் வளாகம் 1985இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்திருந்த ஜொகூரின் தெற்குப் பகுதிக்கு நாட்டின் முதன்மையான பொறியியல் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அமாட் ஃபௌசி இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் இரண்டையும் இங்கேயே பெற்றார். பிறகு முனைவர் பட்டத்துக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவர் ஆராய்ந்தது வாயுக்களைப் பிரிக்கும் குழல் இழைகளை. இழையை வெளியே தள்ளும்போது ஏற்படும் இழுவிசையால் பாலிமரின் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைப்படுகின்றன. அப்படி வரிசைப்படுவது இழையின் பிரிக்கும் திறனை மாற்றுகிறது. இதை நேரடியாக அளந்து காட்டிய ஆய்வுக் கட்டுரையை அவரும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் வேதியியல் பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்றபின் வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் ஸ்கூடாய்க்குத் திரும்பினார். அவரது பிற்காலப் பணி அனைத்தும் அந்த முடிவிலிருந்தே வளர்ந்தது.

சவ்வு என்றால் என்ன?

மெம்பிரேன் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் சவ்வு, அடிப்படையில் ஒரு சல்லடைதான். மாவு சலிக்கும் சல்லடை கப்பியை நிறுத்தி மாவை விடுகிறது. சவ்வு அதே வேலையை மிகச் சிறிய அளவில் செய்கிறது. துளையின் அளவைப் பொறுத்து அது சேற்றை நிறுத்தலாம், கிருமியை நிறுத்தலாம், கரைந்திருக்கும் உப்பைக்கூட நிறுத்தலாம். சில சவ்வுகளில் துளை என்று சொல்லும்படி ஒன்றுமே இராது. ஒரு வாயு அதில் எளிதாகக் கரைந்து ஊடுருவும், இன்னொன்று தயங்கும். அந்த வேகவேறுபாடே இரண்டையும் பிரித்துவிடும்.

இயற்கை எரிவாயு கிணற்றிலிருந்து வரும்போது அதில் கரியமில வாயுவும் கலந்திருக்கும். அதை நீக்காமல் எரிவாயுவை விற்க முடியாது. எண்ணெய், எரிவாயு உற்பத்தி செய்யும் மலேசியாவுக்கு இந்த ஆய்வு ஏன் தேவை என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு சௌரிராஜன் தொடங்கி வைத்த வழி

இந்தத் துறையின் வரலாற்றில் தமிழர் காதுக்குப் பழக்கமான ஒரு பெயர் உண்டு: சௌரிராஜன். நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் அது. இந்தியாவில் பிறந்த வேதியியல் பொறியாளரான சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோப் என்ற அமெரிக்கரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1960ஆம் ஆண்டையொட்டிச் செய்த ஆய்வே கடல்நீரைக் குடிநீராக்கும் தொழிலுக்கு வழி திறந்தது.

செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பொருளாலான படலம் உப்பைத் தடுக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால், அதன் வழியே நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தொழிலுக்கு அது உதவாது. லோப்பும் சௌரிராஜனும் செய்த சவ்வில் ஒரு பக்கம் மட்டும் மிக மெல்லிய, இறுக்கமான தோல் இருந்தது. அதன் அடியில் பஞ்சு போன்ற தாங்கு பகுதி இருந்தது. தோல் உப்பைத் தடுத்தது. அது மெல்லியதாக இருந்ததால் நீர் பல மடங்கு வேகமாக வந்தது. இந்த வகைச் சவ்வைக் கொண்டு 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் உவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் செயல்படத் தொடங்கியது. இன்று வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. கருவி அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு.

சௌரிராஜன் பின்னர் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள தேசிய ஆய்வு மன்றத்தில் பணியாற்றினார். அங்கு அவரோடு இணைந்து ஆய்வு செய்தவர்களில் ஒருவர் ஜப்பானில் பிறந்த தக்கேஷி மட்சூரா. இருவரும் சேர்ந்து எழுதிய சவ்வுத் தொழில்நுட்ப நூல் 1985இல் வெளிவந்தது. அதே மட்சூரா பிற்காலத்தில் வருகைப் பேராசிரியராக ஸ்கூடாய்க்கு வந்தார். அமாட் ஃபௌசியோடு சேர்ந்து பல கட்டுரைகளும் நூல்களும் எழுதினார். வாயுப் பிரிப்புச் சவ்வுகள் பற்றி இருவரும் கைலாஷ் குல்பே என்பவரோடு இணைந்து எழுதிய நூல் 2015இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய அறிவுத் தொடர் ஒட்டாவா வழியாக ஜொகூருக்கு வந்து சேர்ந்த கதை இது.

இடியாப்ப அச்சும் இழை அச்சும்

ஆய்வுக்கூடத்தில் குழல் இழை உருவாகும் விதம் இடியாப்பம் பிழிவதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். பாலிமரைக் கரைப்பானில் கரைத்துக் கூழ்போல் ஆக்குவார்கள். அந்தக் கூழை நுண்ணிய அச்சு வழியாக அழுத்தித் தள்ளுவார்கள். அச்சின் நடுவில் இன்னொரு சிறு குழாய் இருக்கும். அதன் வழியே ஒரு திரவம் பாய்வதால் இழையின் நடுவில் துளை விழுகிறது. அச்சிலிருந்து இறங்கும் இழை சிறிது தூரம் காற்றில் பயணம் செய்து நீர்த்தொட்டிக்குள் விழும். அங்கே கரைப்பான் வெளியேறி நீர் உள்ளே புகும்போது பாலிமர் இறுகும். மெல்லிய தோலும் துளைகள் நிறைந்த உட்பகுதியும் அந்த நேரத்தில்தான் உருவாகின்றன. லோப்பும் சௌரிராஜனும் தட்டையான படலத்தில் கையாண்ட அதே அடிப்படை முறைதான் இங்கே குழல் வடிவத்தில் நடக்கிறது.

சொல்வதற்கு எளிது. கூழின் கெட்டித்தன்மை, தள்ளும் வேகம், காற்றில் விழும் தூரம், தொட்டி நீரின் வெப்பம் ஆகியவற்றில் எது சற்று மாறினாலும் இழையின் குணம் மாறிவிடும். ஒரு முறை சரியாக வந்தது மறுமுறையும் அப்படியே வர வேண்டும். கிளாஸ்கோவில் கற்ற இந்தக் கைப்பக்குவத்தை ஸ்கூடாயில் நிலைநிறுத்தியதே அமாட் ஃபௌசியின் தொடக்ககாலச் சாதனை.

ஆய்வுத் தலைவரின் வேலை

யூ.டி.எம்.மின் சவ்வு ஆய்வு ஒரு சிறிய பிரிவாகத்தான் தொடங்கியது. அதுவே பின்னர் அம்டெக் என்று அழைக்கப்படும் உயர் சவ்வுத் தொழில்நுட்ப ஆய்வு மையமாக வளர்ந்தது. அமாட் ஃபௌசி அதன் தோற்றுநர் இயக்குநர். உயர்கல்வி அமைச்சு சிறந்த ஆய்வு மையங்களுக்கு அளிக்கும் தேசிய உயர்தகுதி நிலையையும் அம்டெக் பெற்றது.

ஆய்வுத் தலைவர் என்றால் வெள்ளை அங்கியோடு சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நடைமுறை வேறு. மானியத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். வாங்கிய இயந்திரம் பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தலைப்புக் கொடுத்து, வாரந்தோறும் முடிவுகளைக் கேட்டு, தவறான இடத்தில் நிறுத்தித் திருத்த வேண்டும். கட்டுரை வெளியாக வேண்டும், காப்புரிமை பதிய வேண்டும், தொழிற்சாலைகளோடு பேச வேண்டும். இத்தனையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் தொடர்ந்து நடந்தால்தான் ஒரு மையம் பெயர் எடுக்கும்.

அம்டெக்கின் கட்டுரைகளில் ஒன்றைக் கவனிக்கலாம். வாயுவைப் பிரிக்கும் கார்பன் சவ்வுகள் குறித்து அமாட் ஃபௌசியும் எல்.ஐ.பி. டேவிட் என்பவரும் எழுதிய மதிப்பாய்வு 2001இல் அனைத்துலக இதழில் வெளிவந்தது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அம்டெக்கிலிருந்து வெளிவரும் கட்டுரைகளில் மலாய், சீன, இந்தியப் பெயர்களோடு வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களும் கலந்திருக்கும்.

2010இல் யூ.டி.எம். ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 2014இல் அமாட் ஃபௌசிக்கு மெர்டேக்கா விருது கிடைத்தது. பெட்ரோனாஸ், எக்ஸோன்மொபில், ஷெல் ஆகிய நிறுவனங்கள் இணைந்து 2007இல் தோற்றுவித்த விருது அது. மலேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் அவருக்கு உண்டு.

செம்பனை ஆலையும் ஆறும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தைத் தெரியும். காற்று திரும்பினால் அதன் வாடை லயம் வரைக்கும் வரும். ஒரு டன் கச்சா எண்ணெய் எடுக்க 5 முதல் 7.5 டன் வரை நீர் தேவைப்படுகிறது என்பது துறை நூல்களில் வழங்கும் கணக்கு. அதில் பாதிக்கு மேல் கழிவுநீராகிறது. ஆலையிலிருந்து அது கொதிக்கும் சூட்டில், அடர்ந்த பழுப்பு நிறத்தில் வெளியேறும்.

கழிவுநீரிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும் என்பதே பி.ஓ.டி. எனப்படும் அளவு. அது அதிகமானால் ஆற்று மீன் மூச்சு முட்டிச் சாகும். சுத்திகரிக்காத ஆலைக் கழிவில் இந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1977ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் ஆலைகளுக்கு உரிமமும் வரம்பும் விதித்தன. படிப்படியாக வரம்பு இறுக்கப்பட்டு, 1984 முதல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற நிலை வந்தது.

குளங்களில் பல நாள் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பதே ஆலைகளில் வழக்கமான முறை. அதனால் பி.ஓ.டி. பெருமளவு குறைகிறது. ஆனால், பழுப்பு நிறம் எளிதில் போவதில்லை. நிறம் போகாத நீர் ஆற்றில் கலந்தால் வெயில் அடிவரை இறங்காது, நீர்த்தாவரங்கள் வாடும். இந்த மீதிப் பழுப்பைச் சவ்வால் நீக்க முடியுமா என்பது அம்டெக் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. ஒளி பட்டால் அழுக்கைச் சிதைக்கும் டைட்டானியத் துகள்களைக் குழல் இழையிலேயே கலந்து அவர்கள் சோதித்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வெல்வது ஒரு கட்டம். ஆலையின் சேற்றிலும் சூட்டிலும் அடைத்துக்கொள்ளாமல் இழை உழைப்பது அடுத்த கட்டம். கட்டுப்படியாகும் விலை மூன்றாவது கட்டம்.

ஆற்று நீர் ஜொகூருக்குச் சின்ன விஷயமல்ல. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. சட்டத்தை மீறிக் கொட்டுபவரை எந்தச் சவ்வும் தடுக்காது. அது அமலாக்கத்தின் வேலை. ஆனால், முறையாகச் சுத்திகரிக்க விரும்பும் ஆலைக்குக் கையில் கருவி இருக்க வேண்டும். அதைத் தருவது ஆய்வின் வேலை.

ரத்தச் சுத்திகரிப்பு இழை

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு. நாட்டில் புதிதாக ரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதாக இனிப்புநீரே காரணம். ஒவ்வொரு அமர்விலும் ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரிப்பு நீர் தேவைப்படுகிறது. அந்த நீரை முன்கூட்டியே தூய்மையாக்குவதும் ஆர்.ஓ. சவ்வுதான்.

தற்போதைய இழைகள் யூரியா போன்ற சிறு கழிவுகளை நன்றாக நீக்குகின்றன. அவற்றைவிடச் சற்றுப் பெரிய மூலக்கூறுகளை நீக்குவதுதான் கடினம். அவை ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கினால் மூட்டிலும் எலும்பிலும் தொல்லை தரும். துளையைப் பெரிதாக்கினால் தேவையான புரதமும் போய்விடும். இழையின் பரப்பு ரத்தத்துக்கு ஒவ்வாவிட்டால் ரத்தம் உறையும். அம்டெக் குழுவினர் பாலிசல்ஃபோன் இழையில் இரும்பு ஆக்ஸைடின் நுண்துகள்களைச் சேர்த்து, நடுத்தர அளவுக் கழிவுகளை நீக்கும் திறனும் ரத்தத்தோடு ஒத்துப்போகும் தன்மையும் கூடுவதாகக் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

இதைப் படித்துவிட்டு அடுத்த மாதமே மருத்துவமனையில் இந்த இழை வரும் என்று எண்ணிவிடக் கூடாது. மனிதர்மீது பயன்படுத்தும் கருவிக்குப் பல கட்டச் சோதனை வேண்டும். 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி பதிவும் வேண்டும். உற்பத்தி செய்ய முன்வரும் நிறுவனமும் வேண்டும். நோயாளிகள் இப்போதைய சிகிச்சையையும் மருந்தையும் மருத்துவர் சொன்னபடி தொடர்வதே முறை.

நம் பிள்ளைகளுக்கு வழி

சவ்வு ஆய்வுக்குள் நுழைய வேதியியல் பொறியியல் முதன்மையான வாசல். வேதியியல், பொருளறிவியல், உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவர்களும் வருகிறார்கள்.

எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றும் நன்றாக அமைய வேண்டும். அதன்பின் மூன்று வழிகள் உண்டு. தங்காக் உள்ளிட்ட இடங்களிலுள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் ஓராண்டு படிக்கலாம். மூன்று பருவங்கள் கொண்ட எஸ்.டி.பி.எம். எடுக்கலாம். அல்லது தொழில்நுட்ப டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குப் போகலாம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் யூ.பி.யூ. இணையத்தளம் வழியே நடைபெறும். பொறியியல் பட்டம் நான்கு ஆண்டு. அதன்பின் முதுகலை ஆய்வு, முனைவர் பட்டம். ஆய்வு மானியம் கையிலிருக்கும் மேற்பார்வையாளரிடம் சேர்ந்தால், ஆய்வு உதவியாளராக உதவித்தொகையோடு படிக்கவும் வாய்ப்புண்டு.

பெற்றோர் பலருக்கு முனைவர் பட்டம் என்றால் ‘இன்னும் எத்தனை வருசம்?’ என்ற கவலை வரும். நியாயமான கவலைதான். படிப்பு நீளும், முதல் சம்பளம் தாமதமாகும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, ஒரு பொருளை உலகில் சிலருக்கே தெரிந்த அளவுக்கு ஆழமாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. அமாட் ஃபௌசி தொடங்கியதும் அப்படித்தான். கிளாஸ்கோவில் இழுவிசை மூலக்கூறுகளை எப்படி வரிசைப்படுத்துகிறது என்ற ஒரே ஒரு கேள்வியோடு.

நாளை விடிகாலையிலும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் கதவு திறக்கும். இரவு முழுக்கச் செம்பனை ஆலையின் கழிவுநீர் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் அருகிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை ஒருவர் ஸ்கூடாய் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால், எதற்காக வந்தோம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிராது.